ஐஸ் பெட்டிக்குள் கேட்ட சிரிப்பு

என் மகள் முதன்முதலாகச் சிரித்தது காரைக்காலில், ஆனி மாதப் பௌர்ணமியன்று, காலை பதினொன்றரை மணிக்கு, என் இடுப்பில் உட்கார்ந்தபடி. ஆனால் அந்தச் சிரிப்பின் சத்தம் கேட்டது அங்கே இல்லை, நாலு தெரு தள்ளி மீன் மார்க்கெட்டில், ரோஸ்லின் அக்காவின் ஐஸ் பெட்டிக்குள்.

ரோஸ்லின் அக்கா அப்போது ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாராம். கத்தியை வைத்துவிட்டு, பெட்டிமேல் கிடந்த சாக்கை விலக்கி, ஐஸுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, உள்ளே மீனைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "நல்லாத்தான் சிரிக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாராம். அந்த ஊர் அப்படி. கோயில் சப்பரமும் மாதா தேரும் தர்காவின் கந்தூரிக் கொடி ஊர்வலமும் ஒரே ரோட்டில்தான் வரும், ஒரே கரண்டுக் கம்பியில்தான் உச்சி இடிக்கும், மூன்றுக்கும் ஒரே மூங்கில் கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பவர் எங்கள் ராஜாமணி அண்ணியின் வீட்டுக்காரர்தான், அவர் மின்துறையில் லைன்மேன். வருஷம் முழுக்க எதையாவது வரவேற்றுக்கொண்டே இருக்கிற ஊர் என்பதால் புதிதாக ஒன்று வந்தால் யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள்.

அண்ணி என் கணவருக்கு அக்கா. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தபோது அண்ணிதான் எனக்காக அந்த ஊர் மாங்கனித் திருவிழாவில் மாங்கனி பிடித்தவர். சாமி வீதியில் வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை எறிவார்கள், வேண்டிக்கொள்கிறவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். அண்ணி பிடித்த பழத்தைத் துண்டில் சுற்றி, மூன்று பஸ் மாறி நாமக்கல்லுக்குக் கொண்டுவந்து, நான் கொட்டையைச் சப்பி முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பா பிறந்தாள். தர்ஷிணி என்று பெயர் வைத்தோம். அந்த நன்றிக்கு ஒரு கூடை பழம் எறிய வேண்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாங்க என்று அண்ணி சொல்ல, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் என் கணவர் பத்து நாள் லீவு கேட்டு வாங்கினார்.

போகும்போது எனக்கு ஒரு கவலை இருந்தது, வெளியே சொல்லவில்லை. பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது, சத்தம் போட்டு ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. உதடு விரியும், கண் மின்னும், அதோடு நின்றுவிடும். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, அவசரப்படாதீர்கள் என்றார். என் மாமியார், "ஆத்தாக்காரி வாயத் தொறந்தாத்தானே புள்ள தொறக்கும்?" என்றார். அவரேதான் நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், டி.வி. பார்த்துச் சிரித்துவிட்டதற்கு, "சிரிக்கிறதா இருந்தா முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரி" என்று சொன்னவர். நான் அதற்கு முன்பே அப்படித்தான். துறையூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில் எங்கள் அம்மாவும் அப்படித்தான். பேசுவதென்றால் பாதிச் சொல்லைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், சிரிப்பதென்றால் முழுவதையும்.

திருவிழாவன்று தெருவில் நிற்க இடமில்லை. அண்ணி மாடியில் கூடையோடு நின்றார். மாடி முழுக்கத் தெரியாத ஆட்கள் என்று நான் மேலே போகாமல், வாசல்படி ஓரமாக, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். சப்பரம் வந்தது, லைன்மேன் அண்ணன் கம்பியைத் தூக்கிப் பிடித்தார், சாமி ஆடி ஆடி நகர்ந்தது, உடனே எல்லா மாடியிலிருந்தும் பழங்கள் பறக்க ஆரம்பித்தன. வெயிலில் மஞ்சள் மஞ்சளாக வந்து விழுந்தன, ஆட்கள் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள், குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார்கள், ஒருவர் ஹெல்மெட்டை நீட்டினார். அண்ணி எறிந்த முதல் பழம், நன்றாகக் கனிந்த நீலம், வேறெங்கும் போகாமல் நேராக என் உச்சந்தலையில் வந்து விழுந்து உடைந்தது.

சாறு நெற்றியில் இறங்கி, மூக்கில் இறங்கி, உதட்டில் இனித்தது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாப்பாவும் பார்த்தாள். என் முகத்தையே பார்த்தாள், அவள் வயிறு ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது, வாய் பெரிதாகத் திறந்தது, எனக்கோ எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. "ஸ்ஸ்... பாக்கறாங்க பாப்பா" என்று முந்தானையை எடுத்து அவள் வாயில் பொத்தினேன்.

என் கைக்குள் அவள் உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அது அப்போது ஐஸ் பெட்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மீதி மீனை விற்க ரோஸ்லின் அக்கா வாசலுக்கு வந்து, கூடையை இறக்காமலே சொன்னார். "ராஜாமணி, இன்னிக்கு எம் பொட்டிக்குள்ள ஒரு புள்ள சிரிச்சுது."

"எந்த மீனு?" என்றார் அண்ணி.

"அதான் தெரியல. எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன். எதுவும் ஒத்துக்கல."

இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டு நெத்திலிக்குப் பேரம் பேசினார்கள். நான் உள்ளே, தலையில் இன்னும் மாம்பழ வாசனையோடு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை லைன்மேன் அண்ணன் தும்மினார். என் மடியிலிருந்த பாப்பா பயந்து என் முகத்தைப் பார்த்தாள், நான் கண்ணை உருட்டினேன், அவள் வாயைத் திறந்து குலுங்கினாள், ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரத்தில் மிட்டாய்க்கடை பக்கீர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். தர்கா பக்கத்துத் தெருவில் அவர் கடை. அவர் போடும் தம்ரூட் என்கிற ரவை இனிப்புக்காகவே துபாயிலிருந்து ஆட்கள் லீவு எடுத்து வருவதாகச் சொல்வார்கள். "ரவை கிளறிட்டிருக்கேன், அண்டாவுக்குள்ளேர்ந்து ஒரு புள்ள கக்கக்கன்னு சிரிக்குது, நான் கரண்டிய நிறுத்தல, நிறுத்துனா அடிப்பிடிச்சிரும், மாஷா அல்லாஹ், இன்னிக்கு மாதிரி பதம் வந்ததே இல்ல" என்று ஒரு டப்பாவை நீட்டினார். மத்தியானம் மாதா கோயில் பாட்டுப் பயிற்சியில் ஆர்மோனியப் பெட்டிக்குள் கேட்டதாம். அதற்கடுத்த நாள் கடைத்தெருவில் நின்ற போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பிக்குள் கேட்டதாம், அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, ஒரு சல்யூட் அடித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாராம்.

ஒவ்வொரு செய்தி வரும்போதும் எனக்கு நேரம் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் பாப்பா என் முகத்தைப் பார்த்துக் குலுங்கியிருப்பாள். மூன்றாவது செய்திக்கு எனக்குப் புரிந்துவிட்டது. நான் பொத்திய வாயிலிருந்து போன சிரிப்பு, திரும்பி வர வழி தெரியாமல் ஊரைச் சுற்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் வாயைப் பொத்தினேன் என்று எப்படிச் சொல்வது?

ஊருக்குத் தெரிந்தது எதிர்வீட்டு அந்துவான் ஐயாவால். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள், அவர் சொல்தா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு, கழுத்தில் தூரக்கண்ணாடியோடு, யார் வீட்டில் என்ன காய்கிறது என்பது வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் ரேடியோவுக்குள் சிரிப்பு கேட்டபோது தூரக்கண்ணாடி எங்கள் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"ராஜாமணி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். "ஒந் தம்பி மவ அங்க குலுங்குது, சத்தம் இங்க வருது. இன்னொருவாட்டி சிரிக்கச் சொல்லு!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவள் குலுங்கினாள்.

"இந்தவாட்டி இங்க இல்ல," என்றார் அந்துவான் ஐயா. "ஆனா எங்கயோ வந்திருக்கும்." எங்கே என்று சொல்ல அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் அந்த ஊர்மேல் பிரியம்தான் வருகிறது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, மந்திரிக்கச் சொல்லவில்லை, பத்திரிகைக்காரனைக் கூப்பிடவில்லை. சாயங்காலமே அண்ணி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, நாற்காலி இறக்கி, ஒரு கமிட்டி வைத்துவிட்டார்கள். தொழுகை நேரத்திலும் மாதா கோயில் பூசை நேரத்திலும் தீபாராதனை நேரத்திலும் குழந்தையைச் சிரிக்கவைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் அதே ஆட்கள் தனித்தனியாக வந்து, என் காதோரம் குனிந்து, அந்த நேரத்தில் சிரித்தால்கூடப் பரவாயில்லை, எங்கள் பக்கம் வந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரோஸ்லின் அக்காவின் ஐஸ் பெட்டியில் கேட்டபோது மீன்காரிகள் அத்தனை பேரும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். கோர்ட்டில் அண்ணன் தம்பி பாகவழக்கு ஒன்றில் காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து சிரிப்பு வர, வக்கீல்கள் வாதத்தை மறந்து நிற்க, அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு சாவு வீட்டில், கிடத்தியிருந்தவரின் தலைமாட்டு விளக்கடியில் கேட்டதாம், முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த அவர் பெண்சாதி, "ஏய், இது நம்ம பேத்தி மாதிரியே இல்ல?" என்று செத்தவரிடம் கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

கேட்டவர்கள் எல்லோரும் வந்து எனக்குச் சொன்னார்கள். சிரிப்பு எப்படி இருந்தது என்பதை யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை.

"வறுத்த கடலையக் கொட்டுற மாதிரி" என்றார் ரோஸ்லின் அக்கா.

"சும்மா இரு. பாகு கொதிக்கறப்போ குமிழி வெடிக்கும் பாரு, அந்த மாதிரி" என்றார் பக்கீர் பாய்.

"ரெண்டு பேரும் செவுடு," என்றார் அந்துவான் ஐயா மேலிருந்து. "கோலி சோடா ஒடைக்கிற சத்தம் அது."

நான் தலையை ஆட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி இருந்தேன். ஊரில் அத்தனை பேரும் கேட்ட சிரிப்பை நான் ஒருத்தி கேட்டதில்லை. பாப்பா என் முகத்தைப் பார்த்தால்தான் சிரிப்பாள். அண்ணி முகத்துக்கும் சிரிக்க மாட்டாள், அப்பா முகத்துக்கும் சிரிக்க மாட்டாள். ஆகவே அவள் சிரிக்கும்போது நான் அவளிடம்தான் இருப்பேன், நான் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்காது. ஒரு நாள் மீன் வாங்கப் போகலாம் என்று அண்ணியிடம் சொல்லி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், ஐஸ் பெட்டிக்கு ஒட்டி நின்றேன். ரோஸ்லின் அக்கா ஒரு நண்டைத் தூக்கி என் மூக்குக்கு நேரே ஆட்டினார், நான் பயந்து பின்னால் போனேன், பாப்பா குலுங்கிக் குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், நான் பெட்டியில் காதை வைத்தேன், ஐஸ் உருகுகிற சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு வந்தால், அண்ணியின் மிக்சிக்குள் அரை மணி நேரம் முன்பு கேட்டது என்று அந்துவான் ஐயா சொன்னார். செல்போனில் பிடிக்கவும் பார்த்தார்கள், எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் மார்க்கெட் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

பத்தாம் நாள் வந்தது. மத்தியானம் திருச்சிப் பாசஞ்சர். காலையிலேயே தெரு நிறைந்துவிட்டது. பக்கீர் பாய் இரண்டு டப்பா தம்ரூட் கொண்டுவந்தார். ரோஸ்லின் அக்கா கருவாட்டை ஏழு கவரில் சுற்றி, "ரயில்ல யாரும் மோந்து பாத்தா அவங்க மூஞ்சியப் பாக்காத" என்று பையின் அடியில் திணித்தார். அந்துவான் ஐயா கீழே இறங்கி வந்து, பாரிசிலிருந்து வந்த கம்பளித் தொப்பி ஒன்றைப் பாப்பாவின் தலையில் மாட்டினார். வேர்த்து வழிந்தது. நான் கழற்றவில்லை.

"மனசு கஷ்டப்படாத தங்கச்சி," என்றார் பக்கீர் பாய். "புள்ள உன்கிட்ட இருக்கும், சத்தம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும். அங்க நாமக்கல்ல அது சிரிக்கறப்போ, நல்லா இருக்குன்னு நாங்க இங்க தெரிஞ்சுக்குவோம்."

"கந்தூரிக்கும் கேக்கும், தேர்த் திருநாளுக்கும் கேக்கும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நல்ல பங்கு என்றுதான் அவர்கள் நிஜமாகவே நினைத்தார்கள். என்னைச் சுற்றி அத்தனை அன்பான முகம். அந்த அன்புக்கு நடுவில், இனிமேல் இவள் பேசுவதற்கு முன்னால் சிரிக்கிற சிரிப்பு முழுவதும், பல் முளைக்கும்போது சிரிக்கிறது, தத்தி நடந்து விழுந்து சிரிக்கிறது எல்லாம், இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் யாருடைய அண்டாவிலோ கேட்கும், என் மடியில் ஒரு ஊமைக் குலுக்கல் மட்டும் இருக்கும் என்று நினைத்தபடி பாப்பாவின் தொப்பியை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

அந்துவான் ஐயா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா வெண்ணிலா, நாங்கதான் கடலைங்கறோம், பாகுங்கறோம், சோடாங்கறோம். நீ ஒண்ணும் சொல்லலியே. ஒனக்கு எப்படிக் கேக்குது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்கறாருல்ல, சொல்லு" என்றார் என் கணவர்.

"நான் கேட்டதில்லைங்க" என்றேன்.

பாதிச் சொல் தொண்டைக்குள் நின்றுவிட்டது. "என்ன சொல்றா?" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"நான் கேட்டதே இல்ல," என்றேன், கொஞ்சம் சத்தமாக. "ஒரு தடவைகூட. என் முன்னால வராது. நான்தான் அன்னிக்கு அது வாயப் பொத்தினேன். எல்லாரும் பாக்கறாங்கன்னு வெக்கப்பட்டு, முந்தானைய வச்சு..."

அதற்குமேல் முடியவில்லை. பக்கீர் பாய் கையிலிருந்த டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் கை அப்போதும் வாயருகில்தான் இருந்தது, ஒவ்வொருத்தியாகக் கையை இறக்கினார்கள்.

"அடப் பாவிகளா," என்றார் ரோஸ்லின் அக்கா, ஊரைப் பார்த்து. "பெத்தவ காதுக்குப் போகாதத நாம உக்காந்து தின்னுருக்கோம். எனக்கு இந்தப் பங்கு வேணாம் மாதாவே." பிறகு அண்ணியைப் பார்த்துத் திரும்பினார். "ராஜாமணி, அன்னிக்கு எறிஞ்ச பழம் மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"மறுபடி எறியத்தான்! அன்னிக்கு நடுவுல நின்னு போச்சுல்ல? முழுசா நடத்திருவோம்."

அந்த ஊருக்கு எந்தக் குறைக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், திருவிழா சரியாக நடக்கவில்லை என்றால் மறுபடி நடத்துவது. கால் மணி நேரத்தில் எல்லா மாடியிலும் ஆட்கள். பழக்கடையில் இருந்த நீலம், அரிசிப் பானையில் பழுக்க வைத்திருந்த ருமானி, ஊறுகாய்க்கு வாங்கிய புளிப்பு மாங்காய் எல்லாம் கூடை கூடையாக மேலே போயிற்று. பக்கீர் பாய் எங்கள் மாடிக்குப் போனார், ரோஸ்லின் அக்கா சொல்தா வீட்டு வராந்தாவுக்குப் போனார். பழம் பட்டுவிடக் கூடாது என்று லைன்மேன் அண்ணன் மூங்கில் கம்பால் கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். சாமி இல்லை, சப்பரம் இல்லை, தெரு நடுவில் நான் மட்டும், கம்பளித் தொப்பி போட்ட பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அத்தனை கண் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் நகரவில்லை.

"எறியட்டா?" என்றார் அண்ணி.

"எறிங்க."

எறிந்தார். நாலடி தள்ளி விழுந்தது. எனக்கு அடிபட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. பக்கீர் பாய் பிஸ்மி சொல்லி எறிந்தார், சாக்கடையில் விழுந்தது. ரோஸ்லின் அக்கா எறிந்தது அண்ணி வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் ஏதோ ஒரு பாத்திரத்தை உருட்டியது. அந்துவான் ஐயா ஒரு கண்ணை மூடி, துப்பாக்கிக்குக் குறி பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்து எறிந்தார், மூலையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி பறந்தது. நூறு பழம் விழுந்திருக்கும், எனக்கு வலது பக்கம், இடது பக்கம், முன்னால், பின்னால், என்னைச் சுற்றி வட்டமாக மாம்பழச் சேறு. தலைமுறை தலைமுறையாக மாங்கனி எறிகிற ஊரில் ஒருவருக்கும் குறி தெரியவில்லை.

"சொல்தாவாம் சொல்தா!" என்று ரோஸ்லின் அக்கா கத்தினார். "நீ சுட்டுத்தான் பிரெஞ்சுக்காரன் ஊர விட்டே ஓடினானா?"

"நீ எறிஞ்சது ராஜாமணி வீட்டுப் பாத்திரத்த உருட்டிருக்கு, போயி மொதல்ல அதப் பாரு!" என்றார் அந்துவான் ஐயா.

"ஏய் வெண்ணிலா, ஆடாம நில்லு!" என்றார் அண்ணி.

"நான் ஆடல அண்ணி! நீங்கதான் ஆடறீங்க! கண்ணத் தொறந்துட்டு எறிங்க!"

அது என் குரல். தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்டது. எனக்கே அது யாரென்று ஒரு நொடி தெரியவில்லை. அண்ணி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்துகொண்டிருந்தார், இப்போது திருட்டு முழி முழித்தார், அதைப் பார்த்து என் வயிற்றில் ஒன்று உருண்டது, முந்தானையைத் தேடிக் கை போகப் பார்த்தது, கையில் பிள்ளை இருந்தாள். பொத்த வழியில்லை. சிரித்துவிட்டேன். பித்தளைக் குடம் படியில் உருளுகிற மாதிரி, முகம் கோணி, மூச்சு வாங்கி, நிறுத்த முடியாமல், நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

பாப்பா என் திறந்த வாயைப் பார்த்தாள். அதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கையை உள்ளே விட்டு என் பல்லைத் தொட்டாள். அவள் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது.

மாடிகளில் அத்தனை பேரும் எறிவதை நிறுத்தினார்கள். கடலைச் சத்தம் இல்லை, பாகு இல்லை, சோடாவும் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில், அவள் தொண்டையிலிருந்து, எச்சில் தெறிக்க, ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு படியில் உருண்டது. என்னை மாதிரியே இருந்தது.

என் கணவர் வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கீர் பாய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு கிட்டத்துல கேட்டா இன்னும் நல்லா இருக்குப்பா" என்றார். ரோஸ்லின் அக்கா மூக்கைச் சிந்தி, "போச்சு. நாளையிலேர்ந்து மார்க்கெட்டுல வெறும் மீனுதான்" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போலீஸ்காரர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, வழி விலக்கிக் கொடுத்தார். ஸ்டேஷன் வரைக்கும் ஊர் வந்தது. நாகூர் தாண்டி, திருவாரூர் தாண்டி, தஞ்சாவூர் வரைக்கும் பாப்பா சிரித்துக்கொண்டே வந்தாள், பெட்டியில் இருந்தவர்கள் கருவாட்டு வாசனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாமக்கல் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பகல் பத்து மணிக்கு ரோஸ்லின் அக்கா போன் செய்தார். மார்க்கெட் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"ஏய் வெண்ணிலா! இப்ப எம் பொட்டிக்குள்ள சிரிப்பு கேட்டுச்சு!"

பாப்பாவைப் பார்த்தேன். சற்று முன்னால்தான், மாமியார் தயிர்ச் சட்டிக்கு மேலே மூக்குக்கண்ணாடியைத் தேட, கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்க, அவர் குனிந்தபோது அது சட்டிக்குள் விழுந்தது. பாப்பா வீடே அதிரச் சிரித்திருந்தாள். நான் என் காதால் கேட்டிருந்தேன்.

"பாப்பாவுது இங்கதான் கேட்டுச்சுக்கா" என்றேன்.

"புள்ளையுதுன்னு யாரு சொன்னா? குடம் உருளுற சிரிப்பு. ஒன்னோடது. என்னா, மறுபடி பொத்திக்கிட்டியா?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "அத்தை பக்கத்துல இருந்தாங்கக்கா. அவங்க கண்ணாடி தயிர்ல... அப்பப் போயி எப்படிச் சிரிக்கிறது?"

"சரி சரி. அங்க முடியலன்னா இங்க வந்து சிரி. பொட்டியில எடம் இருக்கு." கத்தியால் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "அது கெடக்கட்டும். ஒன்னோடது முடிஞ்சதும் பின்னாடியே இன்னொண்ணு கேட்டுச்சு. கெழட்டுச் சிரிப்பு. கதவு துருப்பிடிச்ச மாதிரி, ரொம்ப வருஷமாத் தொறக்காத மாதிரி. அது யாருடி?"

நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்படி நிலைப்படியில் என் மாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தயிர் சொட்டுகிற கண்ணாடி. இன்னொரு கையால் முந்தானையை வாயில் அழுத்தியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.